அறுபத்தொன்று

ஆடி பிறந்து நாலாம் நாள், இருட்டின பிறகு.
கணவாயில் நுழைந்த காற்று
ஆரல்வாய்மொழி ஆபீசின் கூரைத் தகரத்தை
ஓர் ஓரமாகப் பிடித்து அடித்துக்கொண்டிருக்க
உள்ளே எல்லாத் திரையிலும்
அந்தச் சின்ன வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது.
வெளியே நூற்றுப் பதினொரு காற்றாலைகள்.
உள்ளே ஆறு வட்டங்கள்.

'காத்து கூடுச்சுல்லா, டேட்டாவும் கூடத்தானே செய்யும்'
என்கிறார் இன்ஜினியர் ஜஸ்டஸ்.
கணக்குப் பிரிவு வனஜகுமாரிக்கு எப்போதும் வைரஸ்தான்.
வாட்ச்மேன் தாணு வாசலில் நின்றபடியே
'முப்பந்தல் அம்மைக்கு ஒரு விடலை போடுங்க' என்றார்.

நான் கருப்புத் திரையைத் திறந்தேன்.

இந்தக் கருவிக்குப் படிக்கத் தெரியாது.
களியக்காவிளை செக்போஸ்ட்டில்
தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமல்
லாரி நம்பரை மட்டும் குறித்துக்கொள்ளும் ஆள் மாதிரி
பொது டிஸ்க்கின் வாசலில் உட்கார்ந்திருக்கும்.
யார் வந்தது, என்ன கேட்டது, எத்தனை தடவை.
பத்து நொடியானால் பலகையைத் துடைத்துவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும்.
போன பத்து நொடியைப் பற்றி
அதற்கு ஒரு வருத்தமும் கிடையாது.

படித்தல்: நாற்பது.
எழுதுதல்: நூற்றுப் பதினொன்று.
ஆலைக்கு ஒரு வரி. கணக்கு சரி.
'இருக்கா?' என்று கேட்டல்:
முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு
இன்னொரு பத்து நொடி காத்திருந்தேன்.
முப்பத்தொன்பதாயிரம்.
எல்லாம் ஒரே முகவரியிலிருந்து, கடைசி எண் அறுபத்தொன்று.
கேட்பதும் ஒரே கோப்பைத்தான்.
இருக்கா, இல்லை, இருக்கா, இல்லை,
இருக்கா.
சர்வரும் சளைக்கவில்லை.
ஒவ்வொரு தடவையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான்
இல்லை என்றது.

ஜஸ்டஸ் பழைய நோட்டைப் புரட்டினார்.
தோவாளைப் பக்கம், குளத்துக்கு மேலே,
தை மாதம் தீப்பிடித்த காற்றாலை.
இறக்கையை டிரெய்லரில் ஏற்றிப் போன அன்று
நாகர்கோவில் ரோட்டில் மூன்று மணி நேரம் நெரிசல்.
இரும்பு கிலோக் கணக்கில் போனது.
வருஷக் கணக்கு முடிக்கையில்
அதன் கோப்பை அழித்தது நான்.
நோட்டில் கையெழுத்துகூட இருக்கிறது: ம. ஜெனிலா.

அடியில், இரும்புப் பெட்டிக்குள் இருந்த சின்னக் கணினியை
யாரும் கழற்றவில்லை.
பக்கத்து ஆலைக்காக நேற்று அந்த லைனுக்குக்
கரண்ட் கொடுத்திருக்கிறார்கள்.
எழுந்திருக்கிறது.
எழுந்ததும் தன் நோட்டைத் தேடியிருக்கிறது.

பெட்டிச் சாவி கோயம்புத்தூரில்.
'ஒயரப் பிடுங்கிட்டு வரலாம்னா
இந்தக் காத்துல பைக்கு நிக்காது மக்களே' என்றார் தாணு.
சர்வரில் அந்த முகவரியை அடைத்துவிடலாம்.
ஒரு வரி போதும்.
அந்த வரியைப் பாதி தட்டினேன்,
அழித்தேன்.
பழைய பெயரிலேயே ஒரு கோப்பு உண்டாக்கினேன்.
உள்ளே ஒன்றும் இல்லாத கோப்பு.

அடுத்த பத்து நொடியில்
கேட்டல்: மூன்று.

வட்டங்கள் நின்றன.
வனஜகுமாரி டிபன் பையை எடுத்தாள்.
தாணு முப்பந்தல் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.
யாரோ கட்டன்சாயா ஊற்ற, ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலம் பிரிந்தது.
நான் கருப்புத் திரையை மூடாமல் இருந்தேன்.

எழுதுதல்: நூற்றுப் பன்னிரண்டு.

கருவிதான் திறந்து பார்க்காது.
நான் பார்த்தேன்.
காற்றின் வேகம் 0. சுற்று 0. யூனிட் 0.
தேதி சரி, நேரம் நாலு நொடி பிந்தி.
அடுத்த வரி. காற்றின் வேகம் 0.
கூரையில் தகரத்தின் மறு ஓரமும் கிளம்பிற்று.
ஆணி ஒன்று சிமெண்ட் தரையில் விழுந்து
உருண்டு போனதைக் கேட்டோம்.

'என்னவாக்கும் காரணம்?
நோட்டுல எழுதணும்' என்றார் ஜஸ்டஸ்,
பேனா மூடியைக் கடித்தபடி.

காத்து, என்றேன்.

நாந்தான் அப்பவே சொன்னேன்லா, என்று
எழுதிக்கொண்டார்.