மைனஸ் நான்கு

மைனஸ் நான்குவரை தாங்கும்.
மைனஸ் ஐந்தில்
யோசித்துவிட்டு இறங்கும்.
அதற்கும் கீழே போனால் யோசிப்பதில்லை.

பத்தொன்பது வயதான என் காரின் பின்கதவைப் பற்றி
இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தேன்.
ஹீயுமா தீவில் ஆடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவளுக்குத்
தெர்மாமீட்டர் எதற்கு,
டிக்கியைத் திறந்தால் போதாதா.

நவம்பர் பிறந்ததும்
ஒரு ஜூனிபர் கொம்பை உள்ளே போட்டுக்கொள்வேன்,
முட்டுக்கொடுக்க.
இடது தோளில் கதவை ஏந்தி
வலது கையால் கொம்பை நிறுத்தி
பல்லில் டார்ச்சைக் கடித்தபடி
மருந்துப் பெட்டியை இழுக்க
மூன்று குளிர்காலங்களில் உடம்பு பழகிவிட்டது,
நொண்டிக் குதிரையின் மேல்
சாய்ந்தே உட்காரப் பழகியவனைப் போல.

பழகிய பிறகு அது பழுதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி. இரவு பத்தரை.
உர்மாஸின் கொட்டகையில் ஒரு செம்மறி,
வயிற்றில் குட்டி குறுக்கே கிடந்தது.
என் வலது கை முழங்கைவரை உள்ளே.
"கயிறு வேண்டும், காரில் இருக்கிறது" என்றேன்.
ஓடினார்.
கதவைப் பற்றி ஒரு வார்த்தை
சொல்லவில்லை நான்.
மறைக்கவில்லை. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது.
மூச்சு விடுவதை யாரிடமாவது சொல்வோமா?

கொம்பை அவர் பார்த்திருக்கிறார்.
வேலிக்கு வெட்டியது என்று நினைத்து
பத்திரமாய் வெளியே எடுத்துச்
சக்கரத்தின்மேல் சாய்த்து வைத்திருக்கிறார்.
மைனஸ் பதினேழு.

சத்தம் கேட்டது.
பெரிய சத்தமில்லை,
உறைந்த வாளியை யாரோ கவிழ்த்ததுபோல.
பிறகு நடந்து வந்தார்,
கயிற்றை நீட்டினார்,
"கதவு மூடிக்கொண்டது, மாரெத்" என்றார்
ஏதோ அவர் செய்த தப்புபோல.

தலைக்கு வந்தது
கம்பளித் தொப்பியோடு போகவில்லை.
புருவத்துக்கு மேலே
பூட்டின் கொக்கி கிழித்த கோடு
கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

முதலில் குட்டி.
பிறகு அவர்.
அந்த வரிசையை நான் யாரிடமும் நியாயப்படுத்தியதில்லை.
அவர் கேட்டதுமில்லை.

கெர்ட்லா மருத்துவமனைக்குப் போகிற சாலை
நான் வந்த பிறகு பனியில் மூடிப்போயிருந்தது.
ஐந்து தையல்.
ஆட்டுக்கு வைத்திருந்த ஊசி,
ஆட்டுக்கு வைத்திருந்த நூல்.
மனிதத் தோலைத் தொட எனக்கு உரிமம் இல்லை;
சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது.
வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து
"காதில் நம்பர் வில்லை மாட்டிவிடாதே" என்றார்.
சிரித்தேன். ஊசி நடுங்கியது.
"சிரிக்காதே" என்றார்.
மூலையில் குட்டி எழுந்து நின்றது,
விழுந்தது, எழுந்து நின்றது.

வாரம் கழித்து ரைகோவின் பட்டறையில்
இரண்டு கேஸ் தண்டுகளையும் மாற்றினேன்.
ஜோடி முப்பத்தெட்டு யூரோ.
அவன் முடித்துக் கை துடைத்தபோது
எனக்குக் கொடுத்த காப்பி
இன்னும் குடிக்க முடியாத சூட்டில் இருந்தது.
அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு
நெடுநேரம் நின்றேன்.
ரைகோ, விலை அதிகம் என்று நினைக்கிறேனோ என்று
மூன்று யூரோ குறைத்தான்.

இப்போது எந்தக் குளிரிலும் நிற்கிறது கதவு.
என் இடது தோள்தான் நம்பவில்லை,
திறந்ததும் தானாக உயர்கிறது
அங்கே இல்லாத எடைக்கு.

உர்மாஸின் புருவத்தில்
ஒரு விரல் நகம் அகலத்துக்கு முடி முளைக்கவில்லை.
கொம்பை அவர் திருப்பித் தரவும் இல்லை.
தான் நினைத்தபடியே
அதை வேலியில் நட்டுவிட்டார்.
மற்றவற்றைவிடச் சற்றுக் குட்டை;
தெரியாதவர்கள் கண்டுபிடிக்க முடியாது.

சொல்லிவிடுகிறேன்:
வாசலிலிருந்து ஏழாவது.
ஆடுகிறது. சாயாதீர்கள்.