ஒரு சோடி சப்பாத்து

ஆணிச் சப்பாத்து எங்களிடம் ஒரு சோடிதான் இருந்தது.
மூன்றாம் கைச் சாமான்.
பாதிக் காசு என்னுடையது, பாதி அசேலவுடையது.
அவன் இடதுகாற்காரன், நான் வலது.
கணக்கு அதோடு தீர்ந்தது.
ஆளுக்கொன்று போட்டோம்,
மற்றக் காலை ஏகாம்பரம் மைதானத்து நெருஞ்சிமுள்
பார்த்துக்கொண்டது.

கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வரும்.
கோல் கம்பத்தடியில் படுத்து அசைபோடும்.
பந்து வந்து விழுந்தாலும் எழும்பாது.
நிஸ்தார்தான் கோலி,
எங்களைவிட அதுகளோடுதான் அதிகம் கதைப்பான்.

பாலையூற்று டெரன்ஸுக்குப் பூனைக் கண்.
வீட்டில் பேசும் பறங்கிப் பாசையில்
எங்களுக்குக் கெட்ட வார்த்தை மட்டும் சொல்லித் தந்தான்.
பிரச்சினை தொடங்கிய நாட்களில்
சந்திக்குச் சந்தி ஆட்கள் மறித்துக் கேட்டார்கள்,
"தம்பி நீ எந்தப் பக்கம்?"
"லெஃப்ட் பேக்," என்பான்.

அசேல தமிழில் ஏசுவான்,
சிங்களத்தில் எண்ணுவான்.
கோல் அடித்தால் ஒரு மொழியும் இல்லை,
வாயைப் பிளந்தபடி
கடல் தெரியும் மூலைவரை ஓடுவான்.

அந்த வருசம் எங்களுக்குப் பதினாறு.
அடையாள அட்டை வந்தது.
மதிலில் இருந்து மாற்றி மாற்றிப் பார்த்தோம்.
அவன் காதுகளுக்கு நான் சிரித்தேன்,
என் மீசைக்கு அவன்.
என் அட்டையில் இரண்டு மொழி,
அவனுடையதில் ஒன்று.
அதை இரண்டு பேரும் பார்க்கவில்லை,
பார்க்கத் தெரிந்திருக்கவில்லை.

சோதனைச் சாவடியில் நின்றவனுக்குத் தெரிந்திருந்தது.
அவனை "யன்ன" என்றான்.
என்னை வரிசையை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னான்.
நாலு அடி போன அசேல திரும்பி வந்தான்.
"அபே கொல்லெக்," என்றான். எங்கட பெடியன்.

சிப்பாய்க்கும் பெரிய வயதில்லை,
கன்னத்தில் பரு.
ஆத்திரம் இல்லாமல், விளங்காதவன்போலத்தான் கேட்டான்.
"அபே? அபே கியன்னே கவுத?"
எங்கட என்றால் யார்?

அசேல வாயைத் திறந்தான்.
மூடினான்.
பிறகு
தன் காலைப் பார்த்தான்.
நான் அதைக் கண்டேன்.
கண்டதை அவனும் கண்டான்.

அவ்வளவுதான் நடந்தது. அடி இல்லை, ஏச்சு இல்லை.
கால் மணித்தியாலத்தில் விட்டுவிட்டார்கள்.
அசேல போகாமல் நின்றிருந்தான்,
வெயிலில், என் பையையும் தோளில் போட்டபடி.
அதை ஏன் நான் அன்றைக்கு எண்ணவில்லை?

சனிக்கிழமை அரையிறுதி.
கடைசி நிமிசம், பந்து என் காலில்.
இடப்பக்கம் அவன் தனியாய், ஒருவரும் மறிக்காமல்,
கையைத் தூக்கிக்கொண்டு,
"மச்சான்! மச்சான்!"
தமிழிலா சிங்களத்திலா என்று கேட்காதீர்கள்,
அந்தச் சொல் இரண்டிலும் இருக்கிறது.

எனக்குக் கேட்டது.
கேட்காதவன்போல நானே அடித்தேன்.
கம்பத்துக்கு மேலால், மதிலுக்கு மேலால் போனது பந்து.
மானொன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி புல்லில் வாய் வைத்தது.

ஆடியில் அவர்கள் கந்தளாய்க்குப் போனார்கள்.
லொறியில் கட்டில், கோழிக்கூடு, தையல் மெசின்.
இடது சப்பாத்தை எனக்கு விட்டுப்போனானா என்று
கதை கேட்பவர்கள் கேட்பதுண்டு.
இல்லை. கொண்டுபோனான். அவன் காசு.
என்னுடையதை மாசியில் நாயொன்று தூக்கிப் போனது.

நிஸ்தாருக்கு இப்போது ஜமாலியாவில் டயர்க் கடை.
போகும்போதெல்லாம் அந்த மேட்சை எடுப்பான்.
"பாஸ் குடுத்திருந்தா பைனல்டா.
உனக்கு என்னடா நடந்தது?"

கச்சான் காற்று தூக்கிவிட்டது என்கிறேன்
இருபது வருசமாய்.
தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டு
"ஓம், காத்துத்தான்," என்கிறான்.
அன்றைக்கு இலை அசையவில்லை.
கோலில் நின்றவன் அவன்.