அறுநூறாவது மில்லி நொடி

கூந்தலை வகிர்ந்து வகிர்ந்து
ஒவ்வொரு துளையிலும் ஜெல் விடுகிறேன்.
அறுபத்து நான்கு துளை.
குளிர்கிறதா என்று கேட்டால்
ஊலான்பாத்தர் தெரியுமா உனக்கு என்கிறாள்.

லைப்சிக்கில் இது அவளுக்கு மூன்றாவது குளிர்காலம்.
இரவெல்லாம் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துவிட்டு
நேராக இங்கே வந்திருக்கிறாள்.
காதோரம் ஒட்டியிருந்த மாவை நான் துடைக்கவில்லை,
மின்முனைக்கு அது தடையில்லை.

என் மொழியில்
கரண்டி ஆண், முள்கரண்டி பெண்,
கத்தி இரண்டுமில்லை.
ஏனென்று நான்கு வயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை,
தெரிந்திருந்தது.
அவள் மொழியில் மூன்றும்
சும்மா மேசைமேல் கிடக்கும்.

திரையில் அரை நொடிக்கு ஒரு சொல்
வரும், போகும்.
சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு.
நிலவைப் பெண்ணாக்கி ஒரு வாக்கியம் அனுப்பினேன்.
பச்சை.
கதவை ஆணாக்கினேன்.
பச்சை.
ரொட்டியை, பாவம், அவள் பிசையும் ரொட்டியை,
பெண்ணாக்கினேன்.
கொஞ்சம் தயங்கி,
பச்சை.

காசைச் சுண்டிப் போட்டு விடை எழுதியிருந்தாலும்
இதே மதிப்பெண்தான் வந்திருக்கும்.

அவள் தலை கழுவப் போனாள்.
இமைத்த இமைப்பெல்லாம் கழித்து,
தாடை இறுகியதைக் கழித்து,
நான்கு கொட்டாவியையும் கழித்து,
நூற்றிருபது பிழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச்
சராசரி பார்த்தேன்.

உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னே
அறுநூறாவது மில்லி நொடியில்
ஒரு மேடு.
எனக்கு வருவதுபோல் செங்குத்தில்லை.
பாரவண்டி மூச்சு வாங்கி ஏறுகிற மாதிரி,
பிந்தி, தாழ்வாக.
ஆனாலும் மேடுதான்.
விரல் பச்சைக்குப் போவதற்குள்
உள்ளே யாரோ
'ம்?' என்று தலை நிமிர்த்திப் பார்த்திருக்கிறார்கள்.
அவளுக்கு அவரைத் தெரியாது.

தலையில் துண்டோடு வந்தாள்.
அந்தத் துண்டையும் ஆணாக்கி நன்றி சொல்லிவிட்டு,
எத்தனை தப்பு? என்றாள்.
சொல்லக் கூடாது, விதி.
இருபது யூரோவும் ரசீதும் நீட்டி
அதிலிருந்த பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தேன்:
ஒயூன்சிமெக்.
சரியாகச் சொன்னேனா?

சரி, என்றாள்,
பச்சையை அழுத்திய அதே விரைவில்.
அதற்குச் சற்று முன்,
அரை நொடியோ கொஞ்சம் கூடவோ,
அவள் இடப்புருவம்
மயிரளவு ஏறி
இறங்கியது.