கடலுக்கு இறக்கம் கிடையாது

தொண்டியிலிருந்து ஒரு குட்டியானையில் ஏறி
தேவகோட்டைக்கு வந்து இறங்கியது
படகின் பழைய எஞ்சின்.
பிளாக்கில் நகம் நுழையும் விரிசல்,
அதன் உதட்டில் வெள்ளையாய் உப்பு.
சரிபண்ண முடியுமா என்று இபுராம்சா கேட்கவில்லை.
"இதுக்குப் பதிலா எதை வைக்கலாம்?" என்றார்.

நான் வேனும் டிராக்டரும் பார்க்கிறவன்.
தண்ணீரில் நான் பார்த்த ஒரே வண்டி
பிரேக் பிடிக்காமல் ஊருணிக்குள் இறங்கிய ஆம்னி.
அதைச் சொன்னேன்.
சிரித்துவிட்டு டீ வாங்கப் போனார்.

புதுவயல் பக்கம் ஒரு காம்பவுண்டில்
மூக்கு நசுங்கிய பொலீரோ கிடந்தது.
மூன்று லட்சத்துப் பதினோராயிரம் ஓடியது,
கம்ப்யூட்டர் பெட்டி இல்லாத பழைய பம்பு எஞ்சின்.
நாற்பத்தெட்டாயிரத்துக்குப் பேசி முடித்தோம்.
வயர் கட்டுக்குத் தனியாக எழுநூறு.

ரேடியேட்டரைக் கழற்றி ஓரமாய் எறிந்தேன்.
காற்றைக் குடித்து ஓடியது
இனிமேல் கடலைக் குடிக்க வேண்டும்.
செப்புக் குழாயை வளைத்துப் பெட்டிக்குள் அடைத்தோம்.
உள்ளே நல்ல தண்ணீர், வெளியே உப்புத் தண்ணீர்.
ஒரே வளவில் தனித்தனி உலை வைக்கும் பங்காளிகள்போல
தொட்டுக்கொள்ளாமல்,
சூட்டை மட்டும் கைமாற்றிக்கொள்ளும்.

படகின் கியர்பெட்டிக்கும் இதற்கும் நடுவில் ஒரு தட்டு.
காரைக்குடி பர்மா காலனி லேத்தில் சேவுகன் கடைந்தான்.
முதல் தட்டில் அரை மில்லி தப்பு.
ரோட்டில் அது வெறும் முனகல்.
"தண்ணியிலே?" என்று கேட்டான்.
நான் பதில் சொல்வதற்குள்
அடுத்த இரும்பை எடுத்து மாட்டியிருந்தான்.

ஷெட்டுக்குப் பின்னால்
இரண்டு பனங்கட்டைமேல் பூட்டி
டிரம் தண்ணீரில் குழாயை விட்டு ஓடவிட்டோம்.
ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன்.
அப்போதுதான் உறைத்தது:
மேம்பால ஏற்றத்தில் முக்கினாலும்
இறங்கும்போது மூச்சு விட்டுக்கொண்ட எஞ்சின் இது.
ரயில்வே கேட், டீக்கடை, குறுக்கே ஒரு மாடு,
ரோடு அதை எத்தனை இடத்தில்
உட்காரவைத்திருக்கிறது!
படகில் ஆக்சிலேட்டரை விட்டால்
விட்ட இடத்தில் நிற்கும்.
கரையிலிருந்து கரைவரை ஏற்றம்தான்.
கடலுக்கு இறக்கம் கிடையாது.

மீட்டரில் இரண்டாயிரத்து இருநூறுக்கு நேரே
நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன்.
"இதைத் தாண்டாதீங்க."
"சொல்லிட்டீங்கல்ல" என்றார்,
தாண்டுகிறவர் குரலில்.

வேண்டாத வயர்களை வெட்டிக்கொண்டு வந்தேன்.
ரிவர்ஸ் பஸ்ஸரில் கை வைத்ததும் தடுத்தார்.
"அது இருக்கட்டும்.
ராத்திரி ஜெட்டியிலே பின்னாடி வாங்கும்போது
பசங்க விலகுவானுங்க."

ஆவணியில் ஒரு நாள், இரவு இரண்டரைக்கு போன்.
"சூடு ஏறுது."
எஞ்சின்கிட்டப் பிடிங்க என்றேன்.
மறு காதைப் பொத்திக்கொண்டு
கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன்.
நாலு சிலிண்டரும் ஒழுங்காய்த்தான் பேசின.
பம்பு பெல்ட் மட்டும் கீச்சிட்டது.
"அணைச்சிட்டு பெல்ட்டை இழுத்துப் பூட்டுங்க."

அணைத்தார்.
போனை வைக்க மறந்துவிட்டார்.
பலகையில் தண்ணீர் தட்டுகிற சத்தம்.
யாரோ டார்ச் கேட்டான்.
ஸ்பேனர் விழுந்தது, கூடவே ஒரு வசவு.
"வண்டி எங்கே நின்னுபோச்சாம்?"
தூக்கத்திலேயே கேட்டாள் வடிவு.
மைல்கல் இல்லாத இடத்தை எப்படிச் சொல்வது?

ஸ்டார்ட் ஆனது.
இருட்டில் கியரை மாற்றிப் போட்டிருக்க வேண்டும்,
பீப், பீப், பீப் என்று
வேன் ஸ்டாண்டுச் சத்தம்
கடலிலிருந்து எங்கள் தலையணைக்கு வந்தது.

"ஏதோ சந்துலதான்" என்று
திரும்பிப் படுத்தாள்.