ஏழாவது கட்டம்

மல்லியப்பூ சந்தியில்
காலை ஐந்தரைக்கே நாற்காலி போட்டாயிற்று.
மூன்று நாள் வேலை. நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு,
மதியச் சோறு என் செலவு.
படிவத்தில் ஆறு கட்டங்கள்:
கார், வேன், பஸ், லொறி, ஆட்டோ, மோட்டார் சைக்கிள்.
ஒன்று போனால் ஒரு கோடு.
நாலு கோட்டுக்கு மேல் ஐந்தாவதைச் சாய்த்துப் போடு,
விறகுக் கட்டு மாதிரி வரும்
என்று காட்டித் தந்தார் ரத்னசிறி மாத்தையா.

மூடுபனி.
முதலில் விளக்கு வரும், பிறகு சத்தம்,
வண்டி கடைசியில்.
ஏழு மணிவரை நான் எண்ணியது வெளிச்சங்களைத்தான்.

இடையிடையே
விளக்கில்லாமல் வந்துகொண்டேயிருந்தார்கள்.
வெள்ளைச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு
செருப்போடு இறங்கும் பிள்ளைகள்.
ஒரே குடைக்குள் மூன்று கார்மெண்ட்ஸ் பெண்கள்.
கிளினிக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி
வயிற்றோடு அணைத்தபடி ஒருத்தி,
எட்டு மாதம் இருக்கும்.
என் நாற்காலியின் முதுகைப் பிடித்து மூச்சு வாங்கினாள்.
"என்னா எழுதுற?"
"வாகனம்."
"அப்ப நாங்க இல்ல"
சிரித்துவிட்டு நடந்தாள்.

இரண்டாம் நாள் மழை.
தாள் நனைந்து
பஸ்ஸும் லொறியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

மூன்றாம் நாள், அடிமட்டம் இல்லை,
பிஸ்கட் பெட்டியின் ஓரத்தை வைத்து
ஏழாவது கட்டம் ஒன்று கீறினேன்.

மாலை, நகரசபை மேல்மாடி.
சுவர் முழுக்க எங்கள் டவுனின் வருங்காலம்.
மஞ்சள் குடியிருப்பு, சிவப்பு வியாபாரம்,
நீலம் நீர்த்தேக்கம், பச்சை தேயிலை.
பஸ் நிலையம் இருந்த இடத்தில்
நாலு மாடிக்குக் கார் நிறுத்தலாம்.
பஸ் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகிறது,
நெரிசல் குறையுமாம்.
அந்த ஒரு கிலோமீட்டரை
யார் காலில் கட்டுவார்கள் என்று எழுதியிருக்கவில்லை.

நான் என் வீட்டைத் தேடினேன்.
கருங்காட்டுத் தோட்டம், மேல்பிரிவு,
எட்டாம் லயம், மூன்றாவது காம்பிரா.
விரல் வைத்த இடம் பச்சை.
இருபத்துநாலு குடும்பம், மாரியம்மன் கோயில்,
பீலி, போன மாதம் பூசிய என் கதவு,
எல்லாம் பச்சை.

"பஸ் பாதை குடியிருப்புக்குத்தான் தங்கச்சி."
பொல்லாத மனிதரில்லை,
மூன்று நாளும் தேத்தண்ணி வாங்கித் தந்தவர்.
"தேயிலைக்கு லொறி போகுதே மாத்தையா."
போகிறது. நாளுக்கு இரண்டு தடவை,
எங்கள் வாசலால்.
கொழுந்து இதுவரை ஒருநாளும் நடந்ததில்லை.

கம்ப்யூட்டரில் இருந்த தயாபரன்
என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"கார் இருநூற்றுப் பன்னிரண்டு, சரி.
இது என்ன, ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு?"
"கால்."
"காலா? அரையா? விளங்கச் சொல்லுங்க."
"நடந்து போன ஆள்கள்."
அவன் திரையில் ஆறு கட்டம்தான்.
கீழே 'குறிப்பு' என்று ஒரு பெட்டி இருந்தது.
அதில் ஏதோ தட்டினான்.
என்னவென்று நான் எட்டிப் பார்க்கவில்லை,
சம்பளத் தாளில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐயாயிரத்து நானூறு.
ஆட்டோவுக்கு எண்ணூறு கேட்டான்.
போனில் டோர்ச் போட்டுக்கொண்டு ஏறினேன்.

பனிக்குள் முதலில் விளக்கு, பிறகு சத்தம்.
கானோரம் ஒதுங்கினேன்.
பெக்டரியில் கொழுந்தை இறக்கிவிட்டு
வெறுமனே திரும்புகிறது.
பழக்கத்தில், உள்ளங்கையில்
ஒரு கோடு போட்டேன்.

லொறி, ஒன்று.

மற்றக் கையில் பேனையை மாற்றி
எனக்கும் ஒன்று.