பன்னிரண்டாவது குழாய்

ருஸ்தாவியில் என் வேலை உடைப்பது.
சம்பளப் பட்டியலில் நாகரிகமாக
"நாசிப்ரோலா, நீரழுத்தச் சோதனை, இரண்டாம் ஷிப்ட்"
என்று போட்டிருப்பார்கள்.
குழாயின் இரு வாயையும் அடைப்பேன்.
தண்ணீர் விடுவேன்.
கடைசிக் குமிழி வெளியேறும்வரை
மேல் திருகைத் திறந்துவைத்து நிற்பேன்.
உள்ளே கொஞ்சம் காற்று தங்கினாலும்
கிழிய வேண்டிய இரும்பு வெடிக்கும்.
தண்ணீருக்கு அந்த வன்மம் கிடையாது,
கிழித்த கையோடு அடங்கிவிடும்.

பக்கத்துக் கொட்டகையில் அம்ப்ரோசி.
அவன் ஒட்டுகிறவன்.
தீ இல்லை, குச்சி இல்லை, முகமூடி இல்லை.
ஒரு செம்புச் சுருள்,
அதன் வயிற்றுக்குள் ஓடும் பச்சைத் தண்ணீர்.
சுருளின் நடுவே நகரும் எஃகு
எவரும் தொடாமலே ஓரங்களில் சிவந்து,
மஞ்சளாகி, வெளுக்கும்.
சுருளோ சில்லென்று வியர்த்திருக்கும்.
இரண்டு உருளைகள் நெருக்கும் இடத்தில்
ஓரமும் ஓரமும் ஒன்று.
பிதுங்கிய மிச்சத்தை ஓர் உளி
சுருள் சுருளாய்ச் சீவித் தள்ளும்.

அந்தப் பக்கம் போனால் மோதிரம் கழற்ற வேண்டும்.
மின்சாரம் பொன்னென்று பாராது,
விரலோடு சுட்டுவிடும்.
வாசலில் ஒரு பலகை, அதில் ஆணிகள்,
ஆணிகளில் எங்கள் ஊர்க் கல்யாணங்கள்
எட்டு மணி நேரம் தொங்கும்.
மார்ச் மாதத்திலிருந்து
அம்ப்ரோசியின் ஆணி வெறுமை.
விரலில் மட்டும் ஒரு வெளிறிய வளையம்.
"இதையும் உன் சுருளில் விட்டு ஒட்டிப் பார்" என்று
கிரேன் மேலிருந்து கத்தினாள் சுரையா.
அவள் அப்படித்தான்.
அவன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் குழாய் தொண்ணூறில் கிழிந்தது.
தையலோடு, பட்டாணித் தோல் பிரிவதுபோல்.
இரண்டாவது நூற்றிரண்டு.
மூன்றாவதை எழுதிவைக்கவே வெட்கமாக இருந்தது.
ஒவ்வொரு முறையும் அவன் வருவான்,
நனைந்த தரையில் குந்துவான்,
"அலைவரிசை" என்பான், போவான்.

ஏழாவதைக் கிழித்த அன்று
பிளந்த உதட்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
மின்னும் இரும்புக்கு நடுவே
மீன் கண் அளவில் சாம்பல் பொட்டுகள்.
"அலைவரிசை இல்லை, அழுக்கு.
வெந்த துரு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது.
நீ நெருக்குவது போதவில்லை.
பிதுங்கி வெளியே வரட்டும்" என்றேன்.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.
நான்காம் நாள் உருளைகளை அரை மில்லிமீட்டர்
நெருக்கிவைத்திருந்ததாகச் சுரையாதான் சொன்னாள்.

பன்னிரண்டாவது, ஜனவரி.
இருநூறு தாண்டியது ஊசி.
பம்ப் முனகியது.
இருநூற்றுப் பதினான்கில்
யாரோ தடித்த கம்பளியைக் கிழித்ததுபோல் ஒரு சத்தம்,
பிறகு கால் நனைக்கும் தண்ணீர்.
அம்ப்ரோசி கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.
விளக்கோடு நான்தான் போனேன்.

கிழிசல் தையலில் இல்லை.
ஒரு சாண் தள்ளி,
ஒட்டாத, யாரும் தொடாத, முழு இரும்பில்.
துணி போயிற்று, தையல் நிற்கிறது.
வாய்விட்டுச் சொல்ல வரவில்லை எனக்கு.
அவன் கையைப் பிடித்து இழுத்துக் கிழிசலில் வைத்தேன்,
பிறகு தையலில் வைத்தேன்.

கோடையில் மாஸ்கோவிலிருந்து சான்றிதழ் வந்தது,
சிவப்பு நாடா, ஐந்து கண்டுபிடிப்பாளர்கள்.
இயக்குநர் முதலில்.
மோதிரத்தை ஆணியில் மாட்டக்கூட
அந்தக் கொட்டகைக்கு வராத மூவர்.
அம்ப்ரோசி ஐந்தாவது.
ஆறாவது வரி இல்லை.
அவன் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.
நான் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன்.
மறுபடி என் மேசைக்கு வந்தது.
இப்போது அளவுமானிப் பெட்டியில்
ரப்பர் வளையங்களுக்கு அடியில் கிடக்கிறது.

உடைந்த குழாய் உணவகத்து வாசலில் நிற்கிறது,
குடை போட வசதியாக இருக்கிறதாம்.
புதிதாய் வரும் பையன்கள் பிளவைப் பார்த்து
"யார் ஒட்டியதோ" என்று சிரிக்கிறார்கள்.
மழை நாளில் குடையைச் செருகும்போது
பிளவுக்கு மறுபக்கம் கட்டைவிரலை ஓட்டுகிறேன்.
எங்கே தையலென்று விரலுக்குத் தெரியவில்லை.
சூப் ஆறிவிடும், உள்ளே போகிறேன்.