ஆழம் 9 அடி

பூங்காவின் நடுவே
புல்லுக்குள் இறங்குகிறது ஓர் இரும்பு ஏணி.
இரண்டு படிதான் வெளியே,
மற்றதெல்லாம் மண்ணுக்கடியில்.
சிமெண்டு விளிம்பில் இன்னும் அழியாத நீல எழுத்து:
ஆழம் 9 அடி.

நாங்கள் பிறப்பதற்கு முன்
கறுப்புப் பிள்ளைகளும் இறங்கலாம் என்று
கோர்ட் சொன்ன அதே வாரம்
நாற்பது லாரி மண் அடித்து
நகராட்சி மூடிவிட்டதாம்.
அப்பா சொன்னார், செய்தித்தாளிலிருந்து கண்ணெடுக்காமல்,
சாயங்காலம் மழை வரும் என்பதுபோல.

மேரிபெத்துக்கு நீச்சல் தெரியும்.
ஊருக்கு வெளியே வெள்ளைக்காரர்களுக்கு ஒரு கிளப்,
கேட்டில் 'உறுப்பினர் மட்டும்' பலகை.
உறுப்பினர்னா என்ன என்று கேட்டேன்.
காதைச் சொறிந்தாள்.
"உங்க அம்மா அங்கதானே துண்டு துவைக்கிறாங்க?"
அது பதிலா என்று
எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அதனால் புல்லில் கற்றுத்தருகிறாள்,
அலபாமாவின் ஆகஸ்ட் வெயிலில்.
குப்புறப் படு, ஓவெல்லா. காலை உதை. முட்டியை மடக்காதே.
மூணு தடவை கை வீசு, அப்புறம்
வலப்பக்கம் திரும்பி மூச்சு எடு.
எறும்பு மூக்கில் ஏறுகிறது.
"தண்ணிக்குள்ள எறும்பு கிடையாது, பொறுத்துக்கோ."

ஒன்பது அடிப் பக்கம் போகும்போது மட்டும்
என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.
சிரிக்காமல்தான் பிடிக்கிறாள்.
நானும் கால் எட்டுகிறதா என்று
பார்த்துப் பார்த்தே வைக்கிறேன்.

சனிக்கிழமை அவள் பிறந்தநாள். கிளப்பில்.
அன்று அம்மா இருட்டிய பிறகுதான் வந்தாள்.
இருபத்திரண்டு துண்டு கூடுதல், என்றாள்.
நான் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிறு, சர்ச் உடுப்போடே வந்தேன்.
ஏணிமேல் உட்கார்ந்திருந்தாள் மேரிபெத்,
மடியில் ஒரு வெள்ளரி ஊறுகாய் ஜாடி.
கேக் கொண்டுவரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.
"கிளப் தண்ணி. பாதி கார்லயே சிந்திருச்சு.
கையை நீட்டு."

குளோரின் வாடை.
தினமும் தலை வாரிவிடும்போது
அம்மாவின் விரல்களில் வருமே, அதே வாடை.
அதை அவளிடம் சொல்லவில்லை.

மீதியை ஏணி இறங்கும் இடத்தில் ஊற்றினாள்.
மண் ஒரே மடக்கில் குடித்தது.
இருவரும் குனிந்து
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்,
மட்டம் கொஞ்சமாவது ஏறுகிறதா என்று.